சபாட்டிக்கல், பணி மேம்பாட்டு விடுப்பு: பல்கலைக்கழக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் நண்பர்களும் இளைய சகாக்களும் விடுப்பு பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். விடுப்புக்கு விண்ணப்பித்தும் இருக்கிறேன், மற்றவர்களின் விண்ணப்பங்களைக் குழுவில் உட்கார்ந்து படித்தும் இருக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததைத்தான் சொல்கிறேன். விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உங்கள் நிறுவனத்தின் விடுப்பு விதிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

சபாட்டிக்கல் என்பது ஓய்வா, வேலையா?

வேலைதான். வகுப்பு, விடைத்தாள், குழுக் கூட்டம், மாணவர் சேர்க்கை ஆகியவற்றிலிருந்து விலக்கு கொடுத்து, ஆய்வுக்கும் எழுத்துக்கும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதற்கும் சம்பளத்தோடு தரப்படும் காலம் அது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பருவம் நடந்துகொண்டிருக்கும்போது ஆரம்பிக்கவே முடியாத வேலை எதுவோ, அதற்குத்தான். பாதியில் நிற்கும் கட்டுரைத் திருத்தங்கள், யாருக்கோ ஒப்புக்கொண்ட முன்னுரை, நாலு மதிப்புரை என்று பாக்கி வேலைகளை எல்லாம் விடுப்புக்கு ஒதுக்கி வைப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பாக்கிகள் ஓராண்டையும் அப்படியே விழுங்கிவிடும், கையில் புதிதாக எதுவும் மிஞ்சாது.

ரொம்பக் களைத்துப் போயிருக்கிறேன். அதற்காக எடுக்கலாமா?

களைப்பு தீர்வதும் சபாட்டிக்கலின் நோக்கங்களில் ஒன்றுதான், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் உடல்நிலையோ மனநிலையோ உண்மையிலேயே மோசமாக இருந்தால் அதற்கு மருத்துவ விடுப்பு என்று தனியாக இருக்கிறது, அதை எடுங்கள். பல ஆண்டுகள் காத்திருந்து கிடைக்கும் ஆய்வுக் காலத்தைப் படுக்கையில் செலவழிக்க வேண்டாம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை 1880இல் ஹார்வர்டில் தொடங்கியது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அப்போது அங்கே தலைவராக இருந்தவர் சார்லஸ் எலியட். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த சார்லஸ் லான்மன் என்ற சமஸ்கிருத அறிஞரை எப்படியாவது தன் பக்கம் இழுக்க வேண்டும் என்று, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்பு என்ற சலுகையை முன்வைத்தார். லான்மனும் வந்து சேர்ந்தார். கார்னெல், கொலம்பியா போன்றவை அடுத்த சில ஆண்டுகளில் இதே வழியில் வந்தன.

இந்தக் கதையை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. சபாட்டிக்கல் கருணையாகத் தொடங்கவில்லை, நல்ல ஆசிரியரைப் பிடிக்கக் கொடுத்த விலையின் ஒரு பகுதியாகத்தான் தொடங்கியது. அதனால் புது வேலைக்குப் பேசும்போது இதையும் பேசுங்கள். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் கார்னெலை விட்டு, கலிஃபோர்னியாவில் இருக்கும் கால்டெக் என்ற தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் போனபோது, பழைய இடத்தில் அவருக்குச் சேர வேண்டியிருந்த சபாட்டிக்கலைப் புது இடம் கொடுத்தது. 1951-52இல் அவர் பிரேசிலில் போய் உட்கார்ந்து வேலை செய்தது அப்படித்தான். பழைய இடத்தில் சேர்ந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்பதில் தவறே இல்லை. பதிலை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

சபாட்டிக்கலும் பணி மேம்பாட்டு விடுப்பும் ஒன்றா?

சில இடங்களில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். பல இடங்களில் வேறு வேறு. சபாட்டிக்கல் பெரும்பாலும் இத்தனை ஆண்டு பணி முடித்தவருக்கு, நீண்ட காலத்துக்கு, சொந்த ஆய்வுக்காக. பணி மேம்பாட்டு விடுப்பு குறுகியது: ஒரு பயிற்சி, ஒரு புதிய கருவியைக் கையாளப் பழகுவது, ஒரு மென்பொருள், ஒரு தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ சில வாரம் இருந்து இப்போது நடைமுறை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது, இந்த மாதிரி. இதற்கு ஏழு ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை, போட்டியும் குறைவு. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

எனக்கு எப்போது தகுதி வரும்?

ஆறு ஆண்டு வேலை பார்த்து ஏழாவது ஆண்டு என்பது பழைய கணக்கு. இப்போது ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி. எவ்வளவு நுணுக்கமாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 ஒழுங்குமுறைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நிரந்தர முழுநேர ஆசிரியர், 7 ஆண்டு பணி முடித்தால் சபாட்டிக்கல் என்று மேலோட்டமாகத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் அந்த 7 ஆண்டும் இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ இருந்த ஆண்டுகள், உதவிப் பேராசிரியர் காலம் அதில் சேராது. ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேல் இல்லை, பணிக்காலம் முழுவதுக்கும் சேர்த்து 2 ஆண்டு. இடையில் கல்வி விடுப்பு எடுத்திருந்தால் திரும்பி வந்து 5 ஆண்டு கழித்துத்தான். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர்களுக்கு 3 ஆண்டு தொடர் பணிக்குப் பிறகு அந்தக் கல்வி விடுப்பு தனியாக இருக்கிறது. ஆக, எந்த விடுப்பை முதலில் எடுக்கிறீர்கள் என்பதே பின்னால் வருவதை முடிவு செய்துவிடுகிறது.

எந்த நாடாக இருந்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தப் பதவியில் இருந்த ஆண்டுகள் எண்ணப்படும், பிரசவ விடுப்பும் சம்பளமில்லா விடுப்பும் இடையில் வந்தால் கணக்கு என்ன ஆகும், ஒரு முறை தள்ளிப்போட்டால் அடுத்த ஏழாண்டு எந்தத் தேதியிலிருந்து ஓடும். கடைசிக் கேள்வி முக்கியம். துறையின் வசதிக்காக நீங்கள் ஓராண்டு தள்ளிப்போட்டுவிட்டு, அந்த ஓராண்டை அடுத்த சுற்றிலும் இழப்பது நியாயமே இல்லை.

அரையாண்டு முழுச் சம்பளமா, ஓராண்டு அரைச் சம்பளமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பரவலாக இருக்கும் ஏற்பாடு இது, வேறு பல இடங்களிலும் உண்டு. காசு கணக்கு மட்டும் பார்த்தால் அரையாண்டுதான் சரி என்று தோன்றும். ஆனால் ஒரு பருவ விடுப்பில் முதல் மாதம் பழைய வேலைகளை முடிப்பதில் போகும், கடைசி மாதம் அடுத்த பருவத்துக்குப் பாடம் தயாரிப்பதில் போகும், நடுவில் கிடைப்பது இரண்டு மூன்று மாதம்தான். அதனால் கட்டுப்படியாகும் என்றால், அல்லது மீதிப் பாதியை ஒரு ஃபெல்லோஷிப்பிலிருந்து (வெளி நிறுவனம் தரும் ஆய்வு உதவித்தொகை) ஈடுகட்ட முடியும் என்றால், ஓராண்டு எடுங்கள். முடியாதா? அரையாண்டை நீண்ட கோடை விடுமுறையை ஒட்டி வருகிற மாதிரி வையுங்கள்.

அரைச் சம்பளம் என்றால் வேறெதெல்லாம் பாதியாகும் என்று சம்பளப் பிரிவில் போய்க் கேளுங்கள். ஓய்வூதியப் பங்களிப்பு, காப்பீடு, வீட்டுப்படி, ஆண்டு ஊதிய உயர்வு, கடன் பிடித்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருக்கும்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

குழுவில் உங்கள் துறைக்காரர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். மீதிப் பேர் வேறு துறை. ஒரே நாளில் வரிசையாகப் பல விண்ணப்பங்களைப் படிப்பவர்கள். அவர்கள் கையில் இப்படி ஒன்று வருகிறது என்று வையுங்கள்: “நீர்வள மேலாண்மை தொடர்பான ஆய்வில் ஈடுபட்டு, புகழ்பெற்ற பன்னாட்டு இதழ்களில் கட்டுரைகள் வெளியிட உத்தேசித்துள்ளேன்.” இதில் மறுக்கவும் ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்ளவும் ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் எந்த ஆண்டு வேண்டுமானாலும் எழுதக்கூடிய வாக்கியம்.

அதே ஆள் இப்படி எழுதியிருக்கலாம்: “மூன்று ஏரிகளின் நீர்மட்டப் பதிவுகள் கைப்பட எழுதிய பேரேடுகளாக என்னிடம் இருக்கின்றன. இவற்றைக் கணினியில் ஏற்றிச் சரிபார்க்கத் தொடர்ச்சியாக நான்கு மாதம் தேவை; வகுப்புகளுக்கு நடுவே இரண்டு முறை முயன்றும் ஒரு ஏரியைத் தாண்ட முடியவில்லை. ஐந்தாம் மாதம் முதல் புத்தகத்தின் இரண்டு, மூன்றாம் அத்தியாயங்களை எழுதுவேன். களப்பயணத்துக்கு அனுமதி தாமதமானால், ஏற்கெனவே சரிபார்த்த முதல் ஏரியை மட்டும் வைத்து ஒரு கட்டுரையை முடிப்பேன்.” கையில் என்ன இருக்கிறது, ஏன் விடுப்பு இல்லாமல் முடியாது, எந்த மாதம் எது முடியும், தடை வந்தால் என்ன செய்வார், எல்லாம் ஐந்தாறு வரியில் வந்துவிட்டது. இரசாயனப் பேராசிரியருக்கும் புரியும், இலக்கியப் பேராசிரியருக்கும் புரியும்.

எல்லாவற்றையும்விட “ஏன் விடுப்பு வேண்டும்” என்பதற்கான பதிலைத்தான் நான் முதலில் தேடுவேன். திட்டம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வழக்கமான பருவத்திலேயே செய்துவிடலாம் போலத் தோன்றினால் மதிப்பெண் விழாது. அப்புறம், வாக்குறுதிகளை அளவோடு கொடுங்கள். ஒரு புத்தகம், ஆறு கட்டுரை, ஒரு கிராண்ட் (ஆய்வு நிதி) விண்ணப்பம், ஒரு புதிய பாடத்திட்டம் என்று அடுக்கினால் அனுபவமுள்ள யாரும் நம்ப மாட்டார்கள், பின்னால் அறிக்கை எழுதும்போது அந்தப் பட்டியலே உங்களுக்கு எதிராக நிற்கும்.

எவ்வளவு முன்கூட்டியே தொடங்க வேண்டும்?

ஒன்றரை ஆண்டு. வெளி ஃபெல்லோஷிப்புகளின் கடைசித் தேதி பெரும்பாலும் ஓராண்டுக்கு முன்னால் வந்துவிடும், உள் விண்ணப்பமும் கிட்டத்தட்ட அதே சமயம்தான்.

எங்கே போகலாம்? வெளியூர் போயே ஆக வேண்டுமா?

இதற்கென்றே உள்ள இடங்கள் இருக்கின்றன. பிரின்ஸ்டனில் 1930இல் நிறுவப்பட்ட உயர் ஆய்வு நிறுவனம், ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் நடத்தை அறிவியல் உயர் ஆய்வு மையம், பெர்லினில் விசன்ஷாஃப்ட்ஸ்கொலெக், சிம்லாவில் பழைய வைஸ்ராய் மாளிகையில் இயங்கும் இந்திய உயர் ஆய்வு நிறுவனம். இவற்றில் பெரிய கவர்ச்சி என்னவென்றால், யாரும் எதையும் கற்பிக்கச் சொல்ல மாட்டார்கள், மதிய உணவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முற்றிலும் வேறு துறைக்காரராக இருப்பார். ஃபுல்பிரைட் போன்ற பரிமாற்றத் திட்டங்கள் வழியாக ஒரு பல்கலைக்கழகத்தில் போய் இருக்கலாம்.

ஆனால் போயே ஆக வேண்டும் என்பது இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வயதான பெற்றோர், வேறு வேலையில் இருக்கும் துணைவர் என்று இருப்பவர்கள் “என்னால் வெளிநாடு போக முடியாது, அதனால் விண்ணப்பிக்கவில்லை” என்று ஒதுங்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அதிலும் இப்படி ஒதுங்குபவர்களில் பெண்கள் நிறைய. உங்கள் விதியில் வெளியூர் கட்டாயம் என்று எங்கேயும் எழுதியிருக்காவிட்டால் உள்ளூரிலேயே எடுங்கள். ஒரே நிபந்தனை: துறை அலுவலக அறையில் மட்டும் உட்காராதீர்கள். நூலகத்தில், பக்கத்து நிறுவனத்தில், வீட்டில் ஒரு மூலையில், எங்கே வேண்டுமானாலும். அறைக்கதவு திறந்திருப்பதைப் பார்த்தால் ஆள் இருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

விசா விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

அழைப்புக் கடிதத்தில் தேதி, என்ன வேலை, பணம் யார் தருகிறார்கள், நூலகமும் ஆய்வகமும் கிடைக்குமா என்று நான்கும் இருக்கட்டும். அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகிறவர்கள் எந்தப் பிரிவில் என்று கட்டாயம் கேளுங்கள். ஆய்வு அறிஞர் பிரிவில் போனால், நீங்கள் நாலே மாதம் இருந்தாலும், அந்தத் திட்டம் முடிந்த பிறகு 24 மாதத்துக்கு அதே பிரிவில் திரும்பப் போக முடியாது. 6 மாதத்துக்குள் முடியும் பயணத்துக்குக் குறுகிய கால அறிஞர் என்ற பிரிவு இருக்கிறது, அதற்கு இந்தத் தடை இல்லை. ஜே-1இல் போய் வந்த சிலர் சொந்த நாட்டில் 2 ஆண்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என் பிஎச்டி மாணவர்கள் என்ன ஆவார்கள்?

நெறியாளர் பொறுப்பு பெரும்பாலான இடங்களில் விடுப்பிலும் தொடரும். இதைச் சுமையாகப் பார்க்காதீர்கள், மாணவர்களுக்கு அது அவர்கள் வாழ்க்கை. விடுப்புக்கு இரண்டு மாதம் முன்பே ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து, விடுப்புக் காலத்தில் எந்த அத்தியாயம், எந்தச் சோதனை, எந்தப் படிவத்தில் கையெழுத்து என்று பட்டியல் போடுங்கள். கையெழுத்து அதிகாரத்தை ஒரு சகாவுக்கு எழுத்து மூலமாக மாற்றிக் கொடுங்கள். நெறியாளர் ஊரில் இல்லை என்ற ஒரே காரணத்தால் உதவித்தொகைப் படிவம் மேசையில் கிடப்பது கொடுமை. அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட நேரத்தில் இணையவழிச் சந்திப்பு. அந்த நேரத்தை நீங்களும் மீற வேண்டாம், அதற்கு வெளியே அவர்களும் எதிர்பார்க்க மாட்டார்கள். முடிக்கும் தறுவாயில் ஒரு மாணவர் இருந்தால், முடிந்தவரை அவருடைய வாய்மொழித் தேர்வு நடந்த பிறகு கிளம்புங்கள்.

துறைத் தலைவர் “இப்போது ஆள் இல்லை” என்கிறாரே?

அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான், அதனால் சண்டைக்குப் போகாமல் ஒரு தாளோடு போங்கள். நீங்கள் நடத்தும் பாடங்கள் எவை, அதில் எதை ஓராண்டு நிறுத்தி வைக்கலாம், எதை முந்தைய பருவத்திலேயே நடத்திவிடலாம், எதற்குத்தான் மாற்று ஆள் தேவை என்று எழுதிக் காட்டினால், ஐந்து பாடப் பிரச்சினை ஒரு பாடப் பிரச்சினையாகச் சுருங்கும். அரைச் சம்பளத்தில் போகிறீர்கள் என்றால் மிச்சமாகும் பணத்தில் தற்காலிக ஆசிரியரை வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். துறைக்குள்ளேயே அடுத்த ஐந்தாண்டுக்கு யார் எப்போது போவது என்று ஒரு வரிசை போட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லது. வரிசை இல்லாத துறையில், சத்தமாகக் கேட்பவர் போவார், அமைதியாக இருப்பவர் அவருடைய பாடத்தையும் சேர்த்து நடத்துவார்.

வேறு துறையில் வேலை செய்யலாமா?

தாராளமாக. விடுப்பின் மிக நல்ல பயன்களில் ஒன்று அதுதான் என்பேன். ஜான் பெல் என்ற இயற்பியலாளர் ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள் இயற்பியலும் முடுக்கியும்தான் பார்த்துக்கொண்டிருந்தார், குவாண்டம் அடிப்படைகள் அவருக்கு ஓரமாக இருந்த ஆர்வம். 1963-64இல் ஒரு விடுப்பு எடுத்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு, விஸ்கான்சின், பிராண்டைஸ் என்று இருந்த காலத்தில்தான் இன்று பெல் தேற்றம் என்று எல்லோரும் படிப்பதை எழுதினார். ஃபைன்மன் இன்னொரு சபாட்டிக்கலில், 1959-60 வாக்கில், கால்டெக்கிலேயே உயிரியல் ஆய்வகத்தில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். அதனால் இயற்பியல் மாறிவிடவில்லை, அவரும் உயிரியலுக்கு மாறிவிடவில்லை. இரண்டு விளைவுமே விடுப்புக்கு நியாயமானவைதான். விண்ணப்பத்தில் மட்டும், அந்தப் புதிய துறையில் உங்களைச் சேர்த்துக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார் என்பதற்கு ஒரு கடிதம் இணையுங்கள்.

விடுப்பில் இருக்கும்போதும் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்களே?

“ஒரே ஒரு கூட்டம்தான்” என்றுதான் ஆரம்பிக்கும். கிளம்பும் முன்பே துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை விடுப்பு, பிஎச்டி மாணவர்கள் தொடர்பான வேலை மட்டும் தொடரும், பதவி உயர்வுக் குழுவில் என் வாக்கு கட்டாயம் தேவைப்பட்டால் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், மற்றவற்றுக்கு இன்னாரைத் தொடர்பு கொள்ளுங்கள். மரியாதையாக, நாலு வரியில். அதற்கு அவர் “சரி” என்று ஒரு பதில் போட்டால் போதும், பிறகு வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் அதையே மேற்கோள் காட்டலாம். இதைத் தாண்டி விதிவிலக்கு எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: புதியவரை நியமிக்கும் தேர்வு. அதில் பங்கெடுங்கள், அடுத்த முப்பது ஆண்டு கூட வேலை பார்க்கப் போகிறவர் அவர்.

வேறு இடத்தில் சம்பளம் வாங்கலாமா? திரும்பி வராவிட்டால் என்ன?

முழுநேர வேலை ஒன்றில் சேருவது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் தடை. ஃபெல்லோஷிப், மதிப்பூதியம், சிறு ஆய்வுப் பணி போன்றவை முன் அனுமதியோடு ஏற்கப்படும், சில இடங்களில் அதற்கு ஏற்ப உங்கள் சம்பளத்தைக் குறைக்கவும் செய்வார்கள். திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தப் பத்திரம் வாங்குவது வழக்கம். ஓராண்டு என்பது பரவலானது, யுஜிசியின் கல்வி விடுப்புக்கு 3 ஆண்டு. மீறினால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும் முன் தொகையையும் வட்டியையும் ஜாமீன் யார் என்பதையும் படியுங்கள், ஏனென்றால் சில இடங்களில் ஜாமீன் போடுவது உங்கள் சக ஆசிரியர்கள்தான், நீங்கள் வராவிட்டால் மாட்டிக்கொள்வது அவர்கள்.

நான் கற்பித்தல் மட்டுமே செய்கிறேன். எனக்கும் உண்டா?

விதியில் “ஆய்வு” என்று மட்டும் இருந்தால் சபாட்டிக்கல் கடினம். பணி மேம்பாட்டு விடுப்பைக் கேளுங்கள், உங்களுக்காகவே இருப்பது அது. பத்து ஆண்டாக ஒரே ஆய்வகப் பாடத்தை நடத்துபவர் ஒரு பருவம் ஒதுக்கி, அந்தப் பாடத்தின் எல்லாச் சோதனைகளையும் புதிதாக வடிவமைப்பது எந்தக் கட்டுரைக்கும் குறைந்ததல்ல. ஒப்பந்த ஆசிரியர்களுக்குப் பல இடங்களில் எதுவுமே இல்லை. அதிகமாக வகுப்பெடுப்பவர்கள் அவர்கள்தான், அவர்களுக்குத்தான் நேரமே தரப்படுவதில்லை. குழுக்களில் இருக்கும் நிரந்தர ஆசிரியர்கள் இதைப் பேச வேண்டும்.

விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். இனி?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பணமோ ஆளோ இல்லை என்பது காரணமானால், அடுத்த ஆண்டு முன்னுரிமை உண்டா என்று கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். திட்டம் தெளிவில்லை என்றால், சென்ற ஆண்டு கிடைத்த ஒருவரின் விண்ணப்பத்தை வாங்கிப் படியுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

திட்டமிட்டது நடக்கவில்லை. அறிக்கையில் என்ன எழுதுவது?

நடந்ததை. ஆவணக் காப்பகம் மூடிக் கிடந்தது, கருவி பழுதானது, கருதுகோளே தவறு என்று தெரிந்தது, இவையெல்லாம் ஆய்வில் நடப்பவை. எதை முயன்றீர்கள், எங்கே நின்றது, மாற்றாக என்ன செய்தீர்கள், கையில் என்ன இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். திசை மாறுவது பாதியிலேயே தெரிந்துவிட்டால் அப்போதே டீனுக்கு ஒரு குறிப்பு அனுப்பிவிடுவது நல்லது. இடைக்கால அறிக்கை கேட்கும் இடங்களில் தேதி தவறினால் சம்பளம் நிற்கலாம், அதில் கவனம். அடுத்த விடுப்புக்கு விண்ணப்பிக்கும்போது பழைய அறிக்கையைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். நேர்மையாக எழுதிய தோல்வியைக் குழு மன்னிப்பதைப் பார்த்திருக்கிறேன். வராத அறிக்கையை மன்னித்துப் பார்த்ததில்லை.

திரும்பி வந்த முதல் பருவத்தை எப்படிச் சமாளிப்பது?

புதிய பாடம் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் பாடங்களை நடத்திக் கொடுத்த சகாவுக்கு நன்றி சொல்லி, அவர் விடுப்புக்குப் போகும்போது நீங்கள் எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். வாரத்தில் ஒரு காலைப் பொழுதை, கால அட்டவணை போடுவதற்கு முன்பே, விடுப்பில் தொடங்கிய வேலைக்கு என்று ஒதுக்கச் சொல்லுங்கள். அட்டவணை வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.